வால்வு ஆம்ப்ளிஃபயர்: முதலில் பழுது, பிறகு தொனி

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒலி மெலிந்திருந்தால் மின்னூட்டத்தைச் சேமிக்கும் கபாசிட்டரை மாற்றுவார்கள், கரகரத்தால் ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வை மாற்றுவார்கள், இரண்டுக்கும் அடங்காவிட்டால் விலை கூடிய உதிரிபாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பார்கள். நான் வீட்டில் கட்டிய ஐந்து வாட் ஆம்ப்ளிஃபயரோடு பல வார இறுதிகளைக் கழித்த பிறகு, இந்த வழக்கத்தின் மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தொனியில் குறை என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி வெறும் பழுதுதான். அதை மல்டிமீட்டரால் அளந்து நீக்கிய பிறகு மிஞ்சுவதே அந்தச் சுற்றின் உண்மையான தொனி, அதைத் திருத்துவதற்கு நான்கைந்து சில்லறைப் பாகங்கள் போதும்.

நான் எடுத்துக்கொண்ட சுற்று, ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் விற்ற சாம்ப் ஆம்ப்ளிஃபயரின் 5எஃப்1 வடிவம். மொத்தமே மூன்று வால்வுகள். 12ஏஎக்ஸ்7 வால்வின் இரு பாதிகளும் கிட்டாரிலிருந்து வரும் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்குகின்றன, 6வி6 ஸ்பீக்கரை இயக்குகிறது, 5ஒய்3 ஏசியை டிசியாக மாற்றுகிறது. வால்யூமைத் தவிர வேறு திருகே கிடையாது. வால்வுகளைத் தருவிக்க வேண்டியிருந்தது. பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் மட்டும் கோயம்புத்தூரிலேயே, பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் சுற்றி வாங்கினேன். அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மரை இறக்குமதி செய்வதைவிட இது மலிவு என்பது ஒரு காரணம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்றே வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மர் நமது 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பது இன்னொரு காரணம்.

பழுதுபார்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டிக்குள் 350 வோல்ட் டிசி ஓடுகிறது. வால்வுகள் சூடாக இருக்கும்போது சுவிட்சை அணைத்தால், 6வி6 தானே கபாசிட்டர்களிலுள்ள மின்னூட்டத்தை உறிஞ்சிவிடும். ஆனால் சோதனைக்காக அந்த வால்வைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் உறிஞ்சுவதற்கு எதுவும் இல்லாததால், பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் கபாசிட்டர் அதே 350 வோல்ட்டோடு காத்திருக்கும். ஆகவே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, டிசியைச் சமன்செய்யும் ஃபில்டர் கபாசிட்டருக்குக் குறுக்கே நிரந்தரமாகவே வைத்துவிட்டேன். என்னுடைய பெட்டியில் உள்ள மொத்தக் கொள்ளளவுக்கு, ஒரு நிமிடத்தில் மின்னழுத்தம் பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படியிருந்தும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் உள்ளே கைவைப்பதில்லை, பார்க்கும்போதும் இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வதே வழக்கம்.

இன்னொன்று எர்த். கிட்டாரின் கம்பிகள் ஜாக் வழியாக ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டத்தோடு நேரடியாக இணைந்திருக்கின்றன, அதாவது வாசிப்பவரின் விரல்கள் எப்போதும் அந்தச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஆம்ப்ளிஃபயரைச் சோதிப்பதற்கு முன் சாக்கெட்டைச் சோதிப்பது வீண் வேலையாகாது.

முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது, மின் இணைப்பில் தொடராக மாட்டும் சீரிஸ் பல்பு இல்லாமல் கொடுக்கக் கூடாது. எலக்ட்ரீஷியன்கள் ஷார்ட் பார்ப்பதற்கு வைத்திருக்கும் அதே பலகைதான், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அதில் மாட்டிக்கொண்டால் போதும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

என்னுடையதில் பல்பு மங்கியது, வால்வுகள் சிவந்தன, அடுத்த சில நொடிகளில் ஸ்பீக்கர் காதைப் பிளக்கும்படி ஊளையிட்டது. இது வால்வின் குறையோ சால்டரின் குறையோ அல்ல. இந்தச் சுற்றில் ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒலியின் ஒரு சிறு பங்கை 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 12ஏஎக்ஸ்7 வால்வின் இரண்டாம் பாதிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பி வருவது எதிர்த்திசையில் வந்தால் ஒலியைச் சீராக்கும், அதே திசையில் வந்தால் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு ஊளையாகிவிடும். எந்தத் திசையில் வரும் என்பதைத் தீர்மானிப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனைகள். கடையில் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மரில் வண்ணக் கம்பிகள் இருக்கும், பட்டறையில் சுற்றியதில் எல்லா முனைகளும் ஒரே நிறம். அந்த 22 கிலோ ஓமின் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன், ஊளை நின்றது. பிரைமரியின், அதாவது வால்வுப் பக்கச் சுருளின், இரு முனைகளை இடம் மாற்றி, ரெசிஸ்டரை மறுபடியும் சேர்த்ததும் பெட்டி அமைதியாயிற்று. புதிதாகக் கட்டுபவர்கள் முதல் முறை அந்த ரெசிஸ்டரைச் சேர்க்காமலேயே மின்சாரம் கொடுப்பது நல்லது என்பேன்.

இனி அளவுகள். வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டேஜ்களோடு நம்முடையதை ஒப்பிடுவதற்கு முன், அந்த நேரத்தில் சுவரில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் மாலையில் 225 இருக்கும், இரவு பத்து மணிக்கு மேல் 243 வரை ஏறும். இது எட்டு சதவீத வேறுபாடு. மாலையில் 350 வோல்ட் காட்டும் அதே புள்ளி இரவில் 378 காட்டும், வால்வைச் சூடேற்றும் ஹீட்டர் இழையில் 6.3 வோல்ட்டாக இருக்க வேண்டியது 6.8 ஆகும். நேற்று நன்றாக இருந்த ஆம்ப்ளிஃபயர் இன்று வேறு மாதிரி ஒலிக்கிறது என்று சொல்பவர்களில் பலர் சுவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊளை அடங்கியதும் தெளிவாகக் கேட்டது ஹம் என்னும் ஓயாத முனகல். இதைப் பற்றி விரிவாக எழுதியாக வேண்டும், ஏனென்றால் ஹம் என்பது ஒரு நோயன்று, குறைந்தது மூன்று நோய்களுக்குப் பொதுவான பெயர். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸாகவோ 100 ஹெர்ட்ஸாகவோ இருக்கும். ஹீட்டர் கம்பியிலிருந்தோ, சரியாக மறைக்கப்படாத உள்ளீட்டுக் கம்பியிலிருந்தோ, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்தோ வருவது 50. ரெக்டிஃபயரான 5ஒய்3 ஒவ்வொரு அலையையும் இரண்டு மேடுகளாக மடித்த பிறகு டிசி வழியாக வருவது 100. எது எது என்று அறியக் கருவி வேண்டியதில்லை, கிட்டாரே போதும். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் கிடைக்கும் ஜி சுரத்தின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். சுருதி சரியாகச் சேர்த்த கிட்டாரில் அதை மெல்ல மீட்டி ஹம்மோடு சேர்த்துக் கேட்டால், 100 ஹெர்ட்ஸ் ஹம்மாக இருக்கும் பட்சத்தில் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். எட்டு அங்குல ஸ்பீக்கரால் அதைச் சரியாக ஒலிக்க முடியாது என்பதால், காதில் விழுவதைவிட ஸ்பீக்கரின் கூம்பு துடிப்பதைக் கண்ணால் பார்ப்பது எளிது.

அடுத்து, எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று பிரிக்க வேண்டும். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தும் ஹம் குறையவில்லை என்றால் முதல் கட்டம், அதாவது 12ஏஎக்ஸ்7 வால்வின் முதல் பாதி, குற்றமற்றது. 12ஏஎக்ஸ்7 வால்வைப் பிடுங்கிவிட்டும் குறையவில்லை என்றால் இரண்டாம் கட்டமும் குற்றமற்றது, பழுது 6வி6 பக்கத்திலோ பவர் சப்ளையிலோ இருக்கிறது. என் பெட்டியில் அந்த வால்வைப் பிடுங்கியதும் ஹம் பாதியாகக் குறைந்தது. ஆக நோய் ஒன்றல்ல என்பது உறுதியாயிற்று. வால்வைப் பிடுங்கிய பிறகும் மிஞ்சிய பாதி, ஜி சுரத்தோடு நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது.

மிஞ்சியதன் காரணம் சுற்றிலேயே இருக்கிறது. இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் டிசியிலுள்ள அலைவு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒன்றையொன்று பெருமளவு நீக்கிக்கொள்ளும். ஒற்றை 6வி6 உள்ள இதில் நீக்குவதற்கு எதிராளி இல்லை. போதாக்குறைக்கு, 5எஃப்1 வரைபடத்தில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் முதல் ஃபில்டர் கபாசிட்டரிலிருந்தே நேராக மின்சாரம் எடுக்கிறது, அந்தக் கபாசிட்டரும் வெறும் 16 மைக்ரோ ஃபாரட். அமெரிக்காவில் அது நொடிக்கு 120 முறை நிரம்புகிறது, இங்கே 100 முறைதான், ஆகவே ஒவ்வொரு நிரப்புதலுக்கும் இடையே அது இருபது சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும், அலைவும் அதே அளவுக்குக் கூடும். அங்கே கட்டியவர்கள் ஹம் இல்லை என்று சொல்லும் அதே சுற்று இங்கே ஏன் முனகுகிறது என்பதற்கு இது பாதி விளக்கம்.

உடனே 100 மைக்ரோ ஃபாரட் வைத்துவிடலாமே என்று தோன்றும். 5ஒய்3 போன்ற வால்வு ரெக்டிஃபயர் அவ்வளவு பெரிய கபாசிட்டரை நிரப்பும் மின்னோட்டத்தைத் தாங்காது, வால்வுக்குள்ளேயே பொறி பறந்து ஆயுள் முடிந்துவிடும். நான் முதல் கபாசிட்டரை 22 ஆக மட்டும் உயர்த்தி, அதற்குப் பின் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றையும் 33 மைக்ரோ ஃபாரட் ஒன்றையும் புதிதாகச் சேர்த்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அங்கிருந்து மின்சாரம் கொடுத்தேன். 100 ஹெர்ட்ஸில் 33 மைக்ரோ ஃபாரட்டின் தடை சுமார் 48 ஓம்தான் என்பதால், அலைவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை சுமார் 11 வோல்ட் இழப்பு. அந்த இழப்பு பின்னால் எனக்கு நன்மையாகவே முடிந்தது.

இப்போது 12ஏஎக்ஸ்7 வால்வைத் திரும்பச் சொருகினால் வரும் மறுபாதி. அதிலும் 100 ஹெர்ட்ஸ்தான் இருந்தது, ஆனால் குணம் வேறு. முன்னது வழவழப்பான முனகல், இது குளவி அடைபட்ட டப்பாவைப் போன்ற கூர்மையான இரைச்சல். கூர்மை கேட்டாலே எர்த் கம்பிகளின் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். ரெக்டிஃபயர் தொடர்ச்சியாக மின்சாரம் தருவதில்லை. அலையின் உச்சியில் மட்டும் கதவு திறந்து, சராசரி 50 மில்லி ஆம்பியருக்குப் பதிலாக அதைப் போல் பல மடங்கு மின்னோட்டத்தைச் சிறு துடிப்புகளாகக் கபாசிட்டருக்குள் தள்ளுகிறது. அந்தத் துடிப்பு கபாசிட்டரின் மைனஸ் முனையிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையான சென்டர் டேப்புக்குத் திரும்பியாக வேண்டும். வழக்கமான கட்டமைப்பில் சென்டர் டேப் டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகிலுள்ள போல்ட்டில் சட்டத்தோடு இணைகிறது, கபாசிட்டர்களின் மைனஸ் வேறொரு மூலையில் இணைகிறது, இடையில் இருக்கும் சட்டத்தில்தான் உள்ளீட்டு ஜாக்கும் உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தின் தடை நூறில் ஒரு பங்கு ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 300 மில்லி ஆம்பியர் துடிப்பு அதில் 3 மில்லி வோல்ட்டை உண்டாக்கும். கிட்டார் பிக்கப் தருவதே சில பத்து மில்லி வோல்ட்டிலிருந்து சில நூறு மில்லி வோல்ட் வரைதான் என்பதை நினைத்தால், இந்த 3 மில்லி வோல்ட் எவ்வளவு பெரிய அத்துமீறல் என்பது விளங்கும்.

தீர்வு ஒரே ஒரு கம்பியில் இருந்தது. சென்டர் டேப்பைப் போல்ட்டிலிருந்து கழற்றி, நேராக முதல் கபாசிட்டரின் மைனஸ் முனையில் சால்டர் செய்தேன். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கபாசிட்டர்களின் மைனஸ், பிறகு 6வி6, பிறகு 12ஏஎக்ஸ்7 என்ற வரிசையில் ஒரு தடித்த செப்புக் கம்பி ஓடி, உள்ளீட்டு ஜாக்கில் மட்டும் சட்டத்தைத் தொடுகிறது. மின் இணைப்பின் பாதுகாப்பு எர்த் இதனோடு கலக்காமல் தனி போல்ட்டில் இருக்கிறது. மறுபடியும் சுவிட்சைப் போட்டபோது, ஆம்ப்ளிஃபயர் இயங்குகிறதா என்று ஜாக்கில் விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வால்யூமை முழுவதும் திருப்பினால் மெல்லிய 50 ஹெர்ட்ஸ் இன்னும் இருந்தது, அது ஹீட்டரின் பங்கு. ஹீட்டர் கம்பிகளை நெருக்கமாக முறுக்கி மூலையோடு ஒட்டி ஓட்டியிருந்தாலும், அந்த 6.3 வோல்ட்டின் ஒரு முனையைச் சட்டத்தில் கட்டியிருந்தால் மறுமுனை முழு அலைவோடு நிற்கும். இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களைக் குறுக்கே வைத்து நடுப்புள்ளி ஒன்றை உண்டாக்கி, அந்த நடுப்புள்ளியைச் சட்டத்தில் கட்டாமல் 6வி6 வால்வில் எலக்ட்ரான்களை வெளியிடும் முனையான கேதோடில் கட்டினேன். அங்கே ஏற்கெனவே இருபது வோல்ட் அளவில் நேர் மின்னழுத்தம் இருப்பதால், ஹீட்டரிலிருந்து 12ஏஎக்ஸ்7 வால்வின் கேதோடுக்கு எலக்ட்ரான்கள் கசிவது தடைப்படுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்றிலேயே நடுமுனை எடுத்திருந்தால் அதையே பயன்படுத்தலாம், இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது.

ஹம் ஓய்ந்த பிறகுதான் ஒலியைக் கவனிக்க முடிந்தது. மேல் கம்பிகள் அழகாக ஒலித்தன, ஆறாவது கம்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் ஒலித்தது. வழக்கப்படி கபாசிட்டரை மாற்றச் சொல்லும் இடம் இதுதான். நான் முதலில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதத்தைப் பார்த்தேன். சட்டத்திலிருந்து அதைப் பிரித்து, பிரைமரிக்கு 6.4 வோல்ட் ஹீட்டர் ஏசியைக் கொடுத்தால் ஸ்பீக்கர் பக்கச் சுருளான செகண்டரியில் 0.158 வோல்ட் வந்தது. விகிதம் 40.5, அதன் வர்க்கம் சுமார் 1640, நான்கு ஓம் ஸ்பீக்கரால் பெருக்கினால் 6வி6 பார்க்கும் சுமை ஏறத்தாழ 6500 ஓம். அந்த வால்வின் தரவுத்தாளில் 250 வோல்ட்டுக்கு 5000 ஓம் என்றும், 315 வோல்ட்டுக்கு 8500 ஓம் என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் 6500இல் குறை சொல்ல எதுவுமில்லை.

அடுத்து, கைப்பேசியில் ஒலி அலை உண்டாக்கும் செயலி ஒன்றை ஜாக்கில் இணைத்து, ஒலியைத் திருப்பி அனுப்பும் அந்த 22 கிலோ ஓம் பின்னூட்ட ரெசிஸ்டரைப் பிரித்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் பதிலாக 4 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை வைத்து அளந்தேன். 400 ஹெர்ட்ஸில் 3 வோல்ட் வந்த அதே நிலையில், ஆறாவது கம்பியின் அதிர்வெண்ணான 82 ஹெர்ட்ஸில் 1.6 வோல்ட்தான் வந்தது. சுற்றிலுள்ள எந்தக் கபாசிட்டரும் இவ்வளவு கீழிறக்காது. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகளை உற்றுப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஈ வடிவத் தகடும் ஐ வடிவத் தகடும் ஒன்றுவிட்டு ஒன்று மாறிமாறி அடுக்கப்பட்டிருந்தன. பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுவே சரியான முறை. ஆனால் ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 40 மில்லி ஆம்பியர் டிசி ஓயாமல் ஒரே திசையில் ஓடுகிறது. மாற்றி அடுக்கிய இரும்பு அந்த டிசியாலேயே காந்தத்தில் நிறைந்துவிடும், தாழ்ந்த ஒலிகளுக்கு இடமே இருக்காது. எல்லா ஈ தகடுகளையும் ஒரு பக்கமாகவும் எல்லா ஐ தகடுகளையும் மறுபக்கமாகவும் அடுக்கி, இடையே மெல்லிய தாளை வைத்து இடைவெளி விட வேண்டும்.

பட்டறைக்கு எடுத்துச் சென்று இதைச் சொன்னபோது அங்கிருந்தவருக்கு ஒப்பவில்லை. “ஸ்டாம்பிங்க ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்தித்தானுங்க அடுக்கோணும், இல்லைன்னா சத்தம் போடுமுங்க” என்றார். ஏசி மட்டும் ஓடும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. “இதுல டிசியும் ஓடுதுங்கண்ணா, சோக்கு மாதிரி நெனச்சுக்குங்க” என்று சொன்னதும் அவருக்கு மின்னலாகப் பிடிபட்டது. டியூப் லைட் சோக்கில் இடைவெளி விடுவது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பிசிறு தட்டி, ஒரே பக்கமாக அடுக்கி, காயில் கட்டுகளுக்கு இடையே வைக்கும் காகிதத்தில் ஒரு துண்டை நடுவே வைத்து, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அளந்ததில் 82 ஹெர்ட்ஸில் 2.6 வோல்ட் கிடைத்தது. உள்ளூரில் சுற்றி வாங்க நினைப்பவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே இந்த ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

பயாஸை, அதாவது ஒலி இல்லாதபோது 6வி6 இழுக்கும் மின்னோட்டத்தை, அளப்பது எளிது. 6வி6 வால்வின் கேதோடில் 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, அதன் குறுக்கே 21 வோல்ட் காட்டியது, ஆகவே மின்னோட்டம் 44.7 மில்லி ஆம்பியர். இதில் 3 மில்லி ஆம்பியர் அளவு ஸ்கிரீன் என்னும் துணை முனைக்குச் செல்கிறது என்று கழித்தால், வெளியீட்டு முனையான பிளேட்டுக்கு ஏறக்குறைய 41.7. பிளேட்டில் 340 வோல்ட், கேதோடைக் கழித்தால் 319, பெருக்கினால் 13.3 வாட். பழைய தரவுத்தாள்கள் 12 வாட்டுக்கு மேல் போகாதே என்கின்றன. இருட்டில் பார்த்தபோது பிளேட் சிவக்கவில்லை, ஆனாலும் சூடு கூடுதல் என்பது கண்ணாடியின் அருகில் கை வைத்தாலே தெரிந்தது. கேதோடு ரெசிஸ்டரை 680 ஆக்கியபோது சுமார் 11 வாட்டுக்கு இறங்கியது, ஒலி சற்று வறண்டது. 560 ஓம் வைத்தபோது சரியாக 12க்குப் பக்கத்தில் நின்றது, அதையே விட்டுவிட்டேன். ஃபில்டரில் அந்த 11 வோல்ட்டை இழந்திராவிட்டால் 560 போதியிருக்காது.

பயாஸ் பார்க்கும்போதே 6வி6 வால்வின் ஐந்தாம் முனையில், அதாவது ஒலி நுழையும் கிரிடில், டிசி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டோ இரண்டு வோல்ட்டோ இருந்தால் வால்வு தேவைக்கு மேல் மின்சாரம் இழுக்கும். வால்வைப் பிடுங்கியும் அந்த வோல்ட் இருந்தால் முந்தைய கட்டத்திலிருந்து டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கபாசிட்டர் கசிகிறது, பிடுங்கியதும் மறைந்தால் வால்வே பழுது. வால்யூமைத் திருகும்போது கரகரவென்று கேட்பதற்கும் சில நேரங்களில் இதே போன்ற கசிவுதான் காரணம், பாவம் வால்யூம் திருகான பொட்டென்ஷியோமீட்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். கடலோர ஊர்களில் கட்டுபவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வேண்டும்: பழைய பாணியிலான கறுப்பு ஃபைபர் அட்டை ஈரத்தை உறிஞ்சினால் தானே மின்சாரம் கடத்தத் தொடங்கும். கண்ணாடி எபாக்சி அட்டை அழகில்லை என்றாலும் அந்தத் தொல்லை அதற்கு இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் தொனியைத் திருத்தும் வேலை, அது வியப்பளிக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. முதலில் பின்னூட்டம். 22 கிலோ ஓம் இருக்கும்போது ஸ்பீக்கர் மின்னழுத்தத்தில் சுமார் 6.4 சதவீதம் திரும்பி வருகிறது, 47 கிலோ ஓம் வைத்தால் 3.1 சதவீதம், முழுவதும் பிரித்துவிட்டால் எதுவுமில்லை. பிரித்த நிலையில் ஒலி பெரிதாகிறது, முரடாகிறது, சீக்கிரமே உடைகிறது. ஒற்றைக் கம்பியில் தனி வாசிப்பதற்கு இது கிளர்ச்சியூட்டும், ஆனால் கார்டு பிடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. 47 எனக்குப் பொருந்தியது. ஒரு நுணுக்கம்: நீங்கள் பின்னூட்டத்தை 4 ஓம் முனைக்குப் பதில் 8 ஓம் முனையிலிருந்து எடுத்தால், அங்கே மின்னழுத்தம் 1.4 மடங்கு கூடுதல், ஆகவே வரைபடத்தின் 22க்கு ஈடாக 33 வைக்க வேண்டும். வரைபடத்தை அப்படியே பின்பற்றியும் ஒலி மந்தமாக இருக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்தது 6வி6 வால்வுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கபாசிட்டர். 0.022 மைக்ரோ ஃபாரட்டும் 220 கிலோ ஓமும் சேர்ந்தால் 33 ஹெர்ட்ஸ் வரை கீழே விடும், எட்டு அங்குல ஸ்பீக்கருக்கு அது தேவையற்ற தாராளம். 0.01 வைத்தால் எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, ஆறாவது கம்பி அநேகமாக அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள தடுமாற்றம் மட்டும் குறைகிறது. டிரான்ஸ்ஃபார்மரைத் திருத்துவதற்கு முன் இதே மாற்றத்தைச் செய்திருந்தால் ஒலி இன்னும் மெலிந்திருக்கும். முதல் கட்டத்தின் கேதோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே பைபாஸ் கபாசிட்டர் இல்லாமல் பெருக்கம் 32 மடங்கு, 25 மைக்ரோ ஃபாரட் வைத்தால் 60ஐத் தாண்டும். நான் 1 மைக்ரோ ஃபாரட்டில் நிறுத்திக்கொண்டேன், நடு ஒலிகளும் மேல் ஒலிகளும் முன்னுக்கு வருகின்றன, அடி ஒலி பழைய அளவிலேயே இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தந்தது ஸ்பீக்கர். 92 டெசிபல் உணர்திறன் கொண்ட எட்டு அங்குல ஸ்பீக்கரை விட்டு 98 டெசிபல் கொண்ட பன்னிரண்டு அங்குலப் பெட்டிக்கு மாறினால், ஆறு டெசிபல் வேறுபாடு நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். ஐந்து வாட் இருபதைப் போல் கேட்கும். அண்டை வீட்டாரை நினைத்து வீட்டில் எட்டு அங்குலத்தையும், நண்பர்களோடு வாசிக்கும்போது பெரிய பெட்டியையும் பயன்படுத்துகிறேன். ஓம் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மிஞ்சியிருந்தது இரவு நேரத்து 243 வோல்ட். அதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. 12 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் பிரைமரியை மின் இணைப்பில் கொடுத்து, அதன் செகண்டரியை ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் லைனில் எதிர்த்திசையில் தொடராக இணைத்தால், 12 வோல்ட் கழிந்து 231 கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர் இழுப்பது ஆம்பியரில் கால் பங்குக்கும் குறைவு என்பதால் சிறிய டிரான்ஸ்ஃபார்மரே தாங்கும். அதைத் தனியாக ஒரு மூடிய பெட்டியில், முன்னால் ஃபியூஸ் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரை மாட்டுவதற்கு முன் வெறும் வெளியீட்டை மீட்டரில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செகண்டரியின் முனைகள் திசை மாறியிருந்தால் 12 கழிவதற்குப் பதிலாகக் கூடி 255 வந்து நிற்கும்.